எலும்பு எப்படி உடலைத் தாங்குகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேல்நிலை வகுப்புகளுக்கு விலங்கியல் நடத்துகிறேன். எலும்பு மண்டலப் பாடம் நடக்கும் வாரங்களில், மணி அடித்த பிறகு மேசைக்கு அருகே வந்து மாணவர்கள் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்விகள்தாம் எனக்கு மிகவும் பிடித்தவை. அவற்றையும் பெற்றோர் கேட்டவற்றையும் பல ஆண்டுகளாகக் குறித்து வைத்திருந்தேன். அவற்றில் அடிக்கடி வருபவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

எலும்பு உயிருள்ளதா, கல்லைப் போன்ற பொருளா?

உயிருள்ளது. இந்த ஒன்று மனத்தில் பதிந்துவிட்டால் மீதிப் பாடம் சுலபமாகிவிடும். ஆய்வகத்தில் தொங்கும் எலும்புக்கூடு காய்ந்து வெளுத்தது. அதைப் பார்த்துத்தான் நாம் எலும்பை உயிரற்ற சட்டமாக நினைத்துக்கொள்கிறோம். உடலுக்குள் இருக்கும் எலும்பு ஈரமானது, இளஞ்சிவப்புச் சாயல் கொண்டது, இரத்தக் குழாய்களும் நரம்புகளும் ஊடுருவியது.

அடுத்த முறை கறிக்கடைக்குப் போகும்போது நல்லி எலும்பு ஒன்றை நீளவாக்கில் பிளந்து தரச் சொல்லுங்கள். வெளிச்சுவர் தந்தத்தைப் போலக் கெட்டியாக இருக்கும். நடுவில் குழாய், அதற்குள் மஜ்ஜை. மூட்டை நெருங்க நெருங்கக் குழாய் மறைந்து, கடற்பஞ்சு போன்ற மெல்லிய வலைப்பின்னல் தெரியும். முனையில் வழுவழுப்பான, நீலம் ஓடிய வெண்மையில் குருத்தெலும்பு மூடியிருக்கும். எலும்பின் மேற்புறத்தை நகத்தால் சுரண்டினால் மெல்லிய உறை ஒன்று உரிந்து வரும். எலும்புக்கு உணவு கொண்டுவரும் இரத்தக் குழாய்களும், அடிபட்டால் உயிர் போகிற மாதிரி வலிக்கச் செய்யும் நரம்புகளும் அந்த உறையில்தான் நிறைந்திருக்கின்றன.

எலும்பு எதனால் ஆனது என்பதை இரண்டு கோழி எலும்புகளை வைத்தே காட்டிவிடலாம். ஒன்றைச் சதை நீக்கிக் கழுவி வினிகரில் மூழ்க வையுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை வினிகரை மாற்றுங்கள். ஒரு வாரத்தில் அது ரப்பரைப் போல வளையும். அமிலம் கால்சியம் உப்பைக் கரைத்துவிட்டது. மிஞ்சியிருப்பது கொலாஜன் என்னும் புரத நார். இன்னொன்றை அடுப்புத் தணலில் வெளுக்கும் வரை சுட்டெடுங்கள். வடிவம் அப்படியே இருக்கும், ஆனால் விரலால் அழுத்தினால் பொடியாகும். இங்கே நார் எரிந்து உப்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது. கட்டடத்தில் கம்பியும் கான்கிரீட்டும் சேர்வது போலத்தான் இதுவும்: உப்பு அமுக்கத்தைத் தாங்குகிறது, நார் இழுவையைத் தாங்குகிறது. காய்ந்த எலும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு உப்பு, மீதி பெரும்பாலும் கொலாஜன்.

ஆனால் எந்தக் கட்டடமும் தன்னைத்தானே இடித்துக் கட்டிக்கொள்வதில்லை. எலும்பு அதைச் செய்கிறது. ஒரு வகை செல்கள் பழைய எலும்பை அரித்துக்கொண்டே முன்னால் போக, இன்னொரு வகை செல்கள் பின்னாலேயே வந்து புதியதைப் பூசுகின்றன. வளர்ந்த மனிதரின் எலும்புக்கூட்டில் ஆண்டுதோறும் சுமார் 10 சதவீதம் இப்படிப் புதுப்பிக்கப்படுகிறது.

உடலைத் தாங்குவது மட்டும்தான் அதன் வேலையா?

இல்லை. நெம்புகோலாக இருந்து தசையின் இழுப்பை அசைவாக மாற்றுகிறது. மூளையையும் இதயத்தையும் நுரையீரலையும் கூடு போலக் காக்கிறது. சிவப்பு மஜ்ஜையில் இரத்த அணுக்கள் உற்பத்தியாகின்றன.

இவற்றையெல்லாம் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்லிவிடுவார்கள். அவர்களுக்குத் தெரியாதது, எலும்பு ஒரு சேமிப்புக் கிடங்கு என்பது. உடலில் இருக்கும் கால்சியத்தில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும்தான் இருக்கிறது. மீதி ஒரு சதவீதம் இரத்தத்திலும் செல்களிலும் இருந்து, தசை சுருங்கவும் நரம்பு இயங்கவும் உதவுகிறது. இரத்தத்தில் அளவு சற்றுக் குறைந்தாலும் உடல் எலும்பிலிருந்து எடுத்து ஈடுகட்டிவிடும்.

எடுக்கத் தாமதமானால் என்ன ஆகும் என்பதைக் கறவை மாடு வைத்திருப்பவர்கள் பார்த்திருப்பார்கள். நிறையப் பால் தரும் மாடு கன்று போட்ட ஓரிரு நாளில் எழ முடியாமல் படுத்துவிடும், தலையை விலாப்பக்கம் திருப்பி வைத்துக்கொள்ளும், காது சில்லிட்டிருக்கும். பெயர் பால் காய்ச்சல். ஆனால் உடல் சுடாது. பாலுக்குள் திடீரென்று கால்சியம் போய்விட, அதே வேகத்தில் எலும்பிலிருந்து எடுத்துத் தர உடலால் முடியவில்லை. கால்நடை மருத்துவர் கால்சியத்தை மெதுவாக இரத்தநாளத்தில் ஏற்றிய சிறிது நேரத்தில் அதே மாடு எழுந்து நிற்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். நூறு பக்கம் படித்தாலும் மனத்தில் நிற்காத பாடம் அந்தத் தொழுவத்தில் எனக்குக் கிடைத்தது.

பெரியவர்களுக்கு 206 எலும்புகள். குழந்தைக்கு அதைவிட அதிகம் என்கிறார்களே, எப்படி?

பிறந்த குழந்தைக்கு 270 முதல் 300 வரை இருக்கும். வளர வளரப் பல எலும்புகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடுகின்றன. மண்டையோட்டுத் தகடுகள், முதுகின் அடியில் இருக்கும் திரிகம், வால் எலும்பு எல்லாம் அப்படிச் சேர்ந்தவை. பச்சைக் குழந்தையின் உச்சந்தலையில் மெத்தென்று துடிக்கும் உச்சிக்குழி, தகடுகள் இன்னும் சேராத இடம்.

மண்புழுவுக்கு எலும்பே இல்லை. அது எப்படி மண்ணைத் துளைக்கிறது?

அதன் சட்டம் தண்ணீர். மண்புழுவின் உடல் சிறு சிறு அறைகளாகத் தடுக்கப்பட்டு, ஒவ்வொன்றிலும் திரவம் நிறைந்திருக்கிறது. திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது. உடலைச் சுற்றி ஓடும் தசை இறுகினால் அந்தப் பகுதி மெலிந்து நீளும். நீளவாக்கில் ஓடும் தசை இறுகினால் குறுகித் தடிக்கும். தடித்த பகுதி துளைச்சுவரில் பற்றிக்கொள்ள, மெலிந்த பகுதி முன்னே நுழையும். மழைக்குப் பிறகு வாசலில் ஊரும் புழுவை ஒரு நிமிடம் குனிந்து கவனித்தால் இது முழுவதும் தெரியும். அதை வெறும் தாளின் மேல் ஊரவிட்டுக் காதை அருகில் வைத்தால், உடலில் இருக்கும் நுண்ணிய மயிர்கள் தாளைச் சுரண்டும் ஓசைகூடக் கேட்கும்.

யானையின் துதிக்கையிலும் எலும்பு கிடையாது. நம் நாக்கும் அப்படித்தான். அங்கே தனியாகத் திரவ அறை இல்லை. தசையே அந்த வேலையைச் செய்கிறது. ஒரு திசையில் ஓடும் தசைக்கற்றைகள் இறுகும்போது மற்றத் திசையில் உறுப்பு நீள்கிறது, வளைகிறது. மரத்தடியைத் தூக்கும் அதே துதிக்கை ஒற்றை வேர்க்கடலையையும் எடுக்கிறது.

நண்டு, இறால், வண்டு இவற்றின் ஓடு எலும்பா?

எலும்பு அல்ல, ஆனால் எலும்பு செய்யும் வேலையைத்தான் செய்கிறது. நமக்குச் சட்டம் உள்ளே, அவற்றுக்கு வெளியே. அது ஆன பொருள் கைட்டின் என்னும் நார்ப்பொருள். நண்டு, இறாலில் அதோடு சுண்ணாம்பும் சேர்ந்து கெட்டியாகிறது. தசைகள் ஓட்டின் உட்புறத்தில் பிடித்திருக்கும். நண்டின் கொடுக்கை உடைத்துச் சதையை உருவும்போது நடுவில் தட்டையாக, கண்ணாடி போல ஒரு தகடு வருமே, கொடுக்கை மூடும் தசை பிடித்திருக்கும் இடம் அதுதான்.

வெளிச்சட்டத்தில் ஒரு சிக்கல் உண்டு: அது வளராது. எனவே உடல் பெரிதாக வேண்டுமானால் பழைய ஓட்டைக் கழற்றியாக வேண்டும். நண்டு முதலில் ஓட்டிலிருந்து கொஞ்சம் கால்சியத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறது. அடியில் மெல்லிய புது ஓடு தயாராகிறது. பிறகு பழைய ஓட்டின் பின்புறம் விரிய, நண்டு பின்பக்கமாக வெளியே வருகிறது. கண்காம்பு, கால் நுனி, ஏன், இரைப்பையின் உட்பூச்சுவரை பழையது கழன்றுவிடும். வெளியே வந்ததும் தண்ணீரை உறிஞ்சி உடலை ஊதிக்கொள்ளும். ஓடு கெட்டிப்படும் வரை அந்தத் தண்ணீரின் அழுத்தம்தான் அதற்குச் சட்டம். மண்புழுவின் உபாயத்தைச் சிறிது நேரம் நண்டும் கையாளுகிறது. இந்த நாட்களில் பிடிபடும் நண்டின் உள்ளே சதைக்குப் பதில் தண்ணீர்தான் இருக்கும். வாங்கும்போது அடிவயிற்றை அழுத்திப் பார்ப்பது அதனால்தான்.

நிலத்தில் மாட்டின் அளவுக்கு ஒரு வண்டு இல்லாததற்கு இந்த மென்மையான நாட்களும் ஒரு காரணம். அவ்வளவு எடை உள்ள உடல், ஓடு கெட்டிப்படுவதற்குள் தன் பாரத்தாலேயே அமுங்கிவிடும். கடலில் நீர் தாங்கிப்பிடிப்பதால் கொஞ்சம் சலுகை உண்டு: ஜப்பானியச் சிலந்தி நண்டு கால்களை விரித்தால் மூன்றரை மீட்டரையும் தாண்டும்.

யானையின் கால் ஏன் தூண் போல இருக்கிறது? எலியைப் பெரிதாக்கினால் யானை வராதா?

எனக்கு மிகப் பிடித்த கேள்வி இது. ஒரு விலங்கின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் இரண்டு மடங்காக்குங்கள். எடை எட்டு மடங்காகும். ஆனால் எலும்பின் வலிமை அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. அது நான்கு மடங்குதான் ஆகும். அதாவது ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் எலும்பும் முன்பைவிட இரண்டு மடங்கு பாரம் சுமக்க வேண்டும். இப்படியே பெரிதாக்கிக்கொண்டே போனால் ஓர் இடத்தில் கால் முறியும். கலிலியோ 1638இல் வெளியிட்ட நூலில் இதை எழுதி, பக்கத்தில் இரண்டு எலும்புகளை வரைந்தும் காட்டினார்: ஒன்று சாதாரண எலும்பு, மற்றொன்று மூன்று மடங்கு நீளத்தில், அதே வேலையைச் செய்ய வேண்டுமானால் எவ்வளவு பருமனாக இருக்க வேண்டும் என்பது. பெரியது பார்ப்பதற்கே விகாரமாக இருக்கும்.

யானை இதை மூன்று வழிகளில் சமாளிக்கிறது. முதலாவது, எலும்பே தடிமன். மற்ற விலங்குகளின் கால் எலும்பில் இருக்கும் மஜ்ஜைக் குழாய்கூட யானையின் கால் எலும்பில் இல்லை. அந்த இடம் பஞ்செலும்பால் நிறைந்திருக்கிறது. இரண்டாவது, கால் எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக நேராக நிற்கின்றன. பூனையும் எலியும் முழங்காலை மடித்தே நிற்கும், நடக்கும். அவற்றின் தசைகள் ஓயாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். யானைக்கு அந்த வேலை குறைவு, பாரம் நேராகத் தரைக்கு இறங்கிவிடும். அதற்கு விலையும் உண்டு: யானையால் குதிக்க முடியாது. எவ்வளவு வேகமாகப் போனாலும் ஒரு காலாவது தரையில் இருக்கும்.

மூன்றாவதை வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. யானை விரல் நுனியில் நிற்கும் விலங்கு. அதன் விரல் எலும்புகள் சரிவாக நிற்க, பின்னால் கொழுப்பும் நாரும் சேர்ந்த தடித்த மெத்தை இருக்கிறது. நாம் குதிகால் உயர்ந்த செருப்பு போட்டிருப்பது போல. அந்த மெத்தைக்குள் ஆறாவது விரலைப் போல ஓர் எலும்பு முட்டுக்கொடுத்து நிற்பதை 2011இல் லண்டன் ராயல் கால்நடைக் கல்லூரி ஆய்வாளர்கள் விளக்கினார்கள். மண்ணில் கால் வைத்தால் மெத்தை விரியும், எடுத்தால் சுருங்கும். அவ்வளவு பெரிய விலங்கு ஓசையில்லாமல் நடப்பதன் காரணம் இது.

இதைப் படித்தபின் கருங்கல் தளத்திலும் சிமெண்டுத் தரையிலும் சங்கிலியோடு நாள் முழுவதும் நிற்கும் யானைகளைப் பார்க்க எனக்கு மனம் பொறுப்பதில்லை. வளர்ப்பு யானைகளுக்குப் பாத நோயும் மூட்டு நோயும் பெரிய துன்பம். யானைக்கு மண் தரையும் நடையும் உணவைப் போலவே தேவை.

தலை? அது இன்னொரு அதிசயம். அவ்வளவு பெரிய மண்டையோடு கனமாக இருக்கும் என்றுதான் நினைப்போம். உள்ளே தேன்கூடு போலக் காற்றறைகள். துதிக்கையையும் தந்தத்தையும் பிடித்திருக்கப் பரப்பு வேண்டும், ஆனால் எடை கூடக் கூடாது.

மாட்டின் பின்னங்கால் முழங்கால் ஏன் பின்பக்கமாக மடங்குகிறது?

நீங்கள் பார்ப்பது முழங்கால் அல்ல, கணுக்கால். அங்கே பின்னால் புடைத்திருப்பது குதிகால். உண்மையான முழங்கால் இன்னும் மேலே, வயிற்றை ஒட்டியிருக்கிறது. நம்முடையதைப் போலவே முன்பக்கம் நோக்கித்தான் இருக்கும். முன்னங்காலில் ‘முட்டி’ என்று நாம் சொல்வது மாட்டின் மணிக்கட்டு. அதற்குக் கீழே இருக்கும் நீளமான ஒற்றை எலும்பு, நம் உள்ளங்கையில் நடுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் நேராக இருக்கும் இரண்டு எலும்புகள் ஒட்டி ஒன்றானது. பிளவுபட்ட குளம்பு அந்த இரண்டு விரல்களின் நகம். ஆக, மாடு இரண்டு விரல் நுனியில் நிற்கிறது. குதிரை ஒரே விரலில்.

இன்னொன்றும் உண்டு. மாட்டின் முன்னங்காலுக்கும் உடலுக்கும் இடையில் எலும்பு இணைப்பே கிடையாது. நமக்குக் காறை எலும்பு தோள்பட்டையை நெஞ்செலும்போடு பிணைக்கிறது. மாட்டுக்குக் காறை எலும்பு இல்லை. இரண்டு தோள்பட்டைகளுக்கு நடுவே மார்புக்கூடு தசைகளால், தூளியில் குழந்தை கிடப்பது போல, தொங்குகிறது. ஏர் உழும்போதும் வண்டி இழுக்கும்போதும் முன்னங்காலில் ஏறும் அதிர்ச்சியை அந்தத் தூளி வாங்கிக்கொள்கிறது.

குதிரை நின்றுகொண்டே தூங்குமா?

தூங்கும். அதன் கால்களில் இருக்கும் நாண்களும் தசைநார்களும் மூட்டுகளைப் பூட்டிவிடும். தசைக்கு அதிக வேலை இல்லை. ஆழ்ந்த உறக்கத்துக்கு மட்டும் படுத்தாக வேண்டும்.

ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தில் எத்தனை எலும்புகள்?

ஏழு. நமக்கும் ஏழு, சுண்டெலிக்கும் ஏழு, திமிங்கிலத்துக்கும் ஏழு. பாலூட்டிகளில் இதற்கு விலக்கு கடற்பசு இனத்து மனாட்டியும், மரத்தில் தொங்கும் அசமந்தம் (ஸ்லாத்) என்னும் விலங்கும்தான். பறவைகளுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. கோழிக்கு 14, அன்னத்துக்கு 25 வரை.

பறவையின் எலும்பு உள்ளே வெறுமையாக இருப்பதால்தான் அது பறக்கிறதா?

பாதி சரி. பல பறவைகளின் மேல்கை எலும்புக்குள்ளும் முள்ளெலும்புகளுக்குள்ளும் நுரையீரலோடு சேர்ந்த காற்றுப்பைகள் நுழைந்திருக்கின்றன. உள்ளே குறுக்குச் சட்டங்கள் முட்டுக்கொடுத்திருக்கும். ஆனால் எலும்பின் பொருள் அடர்த்தியானது. எனவே மொத்த எடையில் எலும்புக்கூட்டின் பங்கு, அதே அளவுள்ள பாலூட்டியைவிடப் பெரிதாகக் குறைவதில்லை. பறவைக்கு அதைவிட முக்கியம், பல எலும்புகள் ஒட்டி ஒரே சட்டமாகி உடல் விறைப்பாக நிற்பது. நெஞ்செலும்பில் படகின் அடிக்கட்டை போல ஒரு மேடு எழும்பி, இறக்கையை அடிக்கும் பெரிய தசைகளுக்கு இடம் கொடுக்கிறது. கோழியின் நெஞ்சுக்கறி என்று நாம் வாங்குவது அந்தத் தசைகளைத்தான்.

முட்டைக் கோழியின் எலும்பு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு முட்டை ஓட்டுக்குச் சுமார் 2 கிராம் கால்சியம் வேண்டும். ஓடு பெரும்பாலும் இரவில் உருவாகிறது, அப்போது கோழி தீவனம் தின்பதில்லை. எனவே முட்டையிடத் தொடங்குவதற்குச் சற்று முன்னரே அதன் கால் எலும்புகளின் குழிக்குள் தனி வகை எலும்பு ஒன்று வளர்கிறது. எடையைத் தாங்க அல்ல, இரவில் கரைத்து எடுப்பதற்கென்றே சேர்த்து வைத்தது. தீவனத்தில் சுண்ணாம்பு குறைந்தால் கோழி தாங்கும் எலும்பையும் கரைக்கத் தொடங்கும். கடைசியில் நிற்க முடியாமல் விழுந்துவிடும். நாமக்கல் பண்ணைகளில் தீவனத்தோடு கிளிஞ்சலும் சுண்ணாம்புக்கல் குருணையும் கலப்பது இதற்காக.

கடலில் நீந்தும் திமிங்கிலம் கரை ஒதுங்கினால் ஏன் இறந்துவிடுகிறது? அது காற்றைத்தானே சுவாசிக்கிறது?

காற்று இருக்கிறது, தாங்க எதுவும் இல்லை. கடலில் திமிங்கிலத்தின் எடையை நீர் சுமக்கிறது. எனவே அதன் எலும்புக்கூடு நிற்பதற்காக அமைந்ததன்று. நீந்தும் தசைகளைப் பிடித்திருக்க அமைந்தது. பின்னங்கால் இல்லை, சதைக்குள் புதைந்த இரண்டு சிறு இடுப்பெலும்புகள் மட்டும் மிச்சம். கரைக்கு வந்துவிட்டால் டன் கணக்கான சொந்த எடை நெஞ்சுக்கூட்டையும் நுரையீரலையும் அழுத்துகிறது. கீழே அமுங்கிய தசைகள் சிதைகின்றன. கொழுப்புப் போர்வைக்குள் உடல் வெந்துபோகிறது.

தூத்துக்குடி மாவட்டக் கடற்கரை இதை இரண்டு முறை பார்த்திருக்கிறது. 1973 ஜனவரியில் மணப்பாட்டிலும், 2016 ஜனவரியில் மறுபடியும் மணப்பாடு, திருச்செந்தூர்ப் பகுதியிலும் பைலட் திமிங்கிலங்கள் கூட்டமாக ஒதுங்கின. 2016இல் வந்தவை எண்பதுக்கும் மேல். மீனவர்கள் இரவோடு இரவாகப் படகில் கட்டி இழுத்துக் கடலில் விட்டும் பல திரும்ப வந்து கரையேறின.

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் திமிங்கில எலும்புக்கூடு இருக்கிறது. போனால் அதன் துடுப்பைப் பாருங்கள். மேல்கை எலும்பு, முன்கை எலும்புகள் இரண்டு, விரல்கள் என்று எல்லாம் இருக்கும்.

சுறாவுக்கு எலும்பு உண்டா?

இல்லை. முழுவதும் குருத்தெலும்பு, மேற்பரப்பில் மட்டும் சிறு சிறு ஓடுகள் பதித்தது போலச் சுண்ணாம்பு. சுறாப்புட்டு செய்பவர்களுக்கு இது தெரிந்த விஷயம். வேகவைத்துத் தோலுரித்து உதிர்த்தால் முள் கையில் குத்துவதில்லை.

கொம்பு எலும்பா?

எந்தக் கொம்பு என்பதைப் பொறுத்தது. கிண்டி தேசியப் பூங்காவில் இரண்டு வகையையும் பார்க்கலாம். புள்ளிமானின் கிளைத்த கொம்பு முழுக்க எலும்பு. ஆண்டுதோறும் விழுந்து மீண்டும் முளைக்கிறது. வளரும்போது வெல்வெட் போன்ற தோல் மூடியிருக்கும், தொட்டால் சுடும், இரத்தம் ஓடிக்கொண்டிருக்கும். பிறகு தோல் காய்ந்து உரிய, மான் அதை மரத்தில் தேய்த்துத் தள்ளிவிடும். வெளிமானின் முறுக்குக் கொம்பு வேறு வகை: உள்ளே எலும்பு முளை, மேலே நகத்தின் பொருளான கெரட்டின் உறை. விழாது, வாழ்நாள் முழுவதும் வளரும். ஆடு, மாட்டின் கொம்பும் இந்த வகை. காண்டாமிருகத்தின் கொம்பில் எலும்பே கிடையாது.

ஆமை ஓட்டை விட்டு வெளியே வருமா?

வர முடியாது. ஓடு என்பது அதன் விலா எலும்பும் முதுகெலும்பும் விரிந்து ஒட்டியதுதான். படக்கதைகளில் ஆமை ஓட்டைக் கழற்றி வைப்பதைப் பார்த்த பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவிடுங்கள். ஓட்டைத் தட்டினால் அதற்குத் தெரியும், கீறினால் வலிக்கும்.

முறிந்த எலும்பு எப்படிக் கூடுகிறது? ஆட்டுக்கால் சூப் உதவுமா?

முறிந்த இடத்தில் முதலில் இரத்தம் உறைகிறது. சில நாட்களில் நாரும் குருத்தெலும்பும் சேர்ந்த மென்மையான பாலம் உருவாகிறது. பிறகு அது எலும்பாக மாறி, முறிவைச் சுற்றிப் புடைப்பாகக் கெட்டிப்படுகிறது. மாதக்கணக்கில் அந்தப் புடைப்பு செதுக்கப்பட்டுப் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. தோலில் காயம் ஆறினால் தழும்பு நிற்கும். எலும்பு மட்டும் எலும்பாகவே ஆறும். கட்டு எலும்பை ஒட்டுவதில்லை, எலும்பு தன்னை ஒட்டிக்கொள்ளும் வரை அசையாமல் பிடித்துக்கொள்கிறது.

ஆட்டுக்கால் சூப் ஆறினால் பாகு போல உறையும். எலும்பிலும் நாரிலும் இருந்து வந்த கொலாஜன் அது. குடித்தால் நல்ல புரதம். ஆனால் அது நேராக முறிவுக்குப் போவதில்லை, மற்றப் புரதங்களைப் போலச் செரித்துப் பிரிந்த பிறகே உடல் பயன்படுத்தும். கால்சியம் வெந்நீரில் கொஞ்சம்தான் கரையும். கால்சியத்துக்குக் கேழ்வரகு, பால், முருங்கைக்கீரை, முள்ளோடு மென்று தின்னும் நெத்திலி இவையெல்லாம் மேல். கேழ்வரகில் 100 கிராமுக்குச் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது.

ஓர் எச்சரிக்கை. ஒருமுறை என் மாணவன் ஒருவன் முன்கை முறிந்து, மூங்கில் பட்டை வைத்து இறுக்கிக் கட்டிய கையோடு வகுப்புக்கு வந்தான். விரல்கள் வீங்கிக் கருநீலமாக இருந்தன. தொட்டால் உணர்ச்சி இல்லை என்றான். அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போய்க் கட்டை வெட்டிவிட்டதால் கை பிழைத்தது. யார் போட்ட கட்டானாலும் சரி, விரல் மரத்துப்போனால், நிறம் மாறினால், வலி நேரம் ஆக ஆகக் கூடினால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள்.

நடந்தால், ஓடினால் எலும்பு வலுவாகுமா, தேயுமா?

வலுவாகும். பாரம் விழும் திசைக்கு ஏற்ப எலும்பு தன்னை மாற்றிக் கட்டிக்கொள்கிறது என்று ஜெர்மன் அறுவை மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் 1892இல் எழுதினார். சிறுவயது முதல் டென்னிஸ் ஆடுபவர்களின் மட்டை பிடிக்கும் கை எலும்பு, மற்றக் கையைவிடத் தடித்திருக்கும். பாரமே இல்லாவிட்டால் நேர்மாறு: விண்வெளி நிலையத்தில் மிதக்கும் வீரர்களுக்கு இடுப்பெலும்பில் மாதம் 1 முதல் 1.5 சதவீதம் வரை அடர்த்தி குறைகிறது. படுத்த படுக்கையாகிவிட்ட முதியவர்களுக்கும் இதுவே நடக்கிறது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் குறைவதால், எலும்பை அரிக்கும் வேலை கட்டும் வேலையை முந்திவிடுகிறது. ‘வயசாச்சு, உட்கார்’ என்று அம்மாவை உட்கார வைப்பது அன்பாகத் தோன்றலாம், அவர் எலும்புக்கு அது நல்லதல்ல.

தண்ணீரில் புளோரைடு இருந்தால் எலும்பு கெடும் என்கிறார்களே?

கெடும். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆண்டுக்கணக்கில் அதிகமாகக் குடித்தால் புளோரைடு எலும்பின் உப்போடு சேர்ந்துகொள்கிறது. எலும்பு எக்ஸ்ரேயில் வெள்ளையாக, அடர்த்தியாகத் தெரியும். ஆனால் உறுதி இருக்காது. தசைநார்களும் சுண்ணாம்பேறி, முதுகு மரக்கட்டையாகிவிடும். மாடுகளையும் இது பாதிக்கும். கொதிக்க வைத்தால் புளோரைடு போகாது. நீர் ஆவியாகி அதன் செறிவு கூடத்தான் செய்யும்.

பிள்ளைகளுக்கு வீட்டிலேயே எலும்பைக் காட்ட எளிய வழி உண்டா?

கோழி வாங்கும் நாளில் ஓர் இறக்கையையும் ஒரு காலையும் முழுதாக வேகவைத்து, சாப்பிட்ட பிறகு எலும்புகளைக் கழுவித் தட்டில் வரிசையாக வையுங்கள். இறக்கையில் முதலில் ஒற்றை எலும்பு, அடுத்து இரண்டு, பிறகு ஒட்டிப்போன கை எலும்பு. பிள்ளையின் தோளிலிருந்து விரல் வரை தொட்டுத் தொட்டு ஒப்பிடச் சொல்லுங்கள். கால் துண்டில் பெரிய எலும்போடு ஒட்டி ஊசி போல ஒன்று இருக்கும், தொண்டையில் சிக்கும் என்று நாம் எடுத்துப் போடுவது. நம் முழங்காலுக்குக் கீழே வெளிப்புறமாக இறங்கி, கணுக்காலில் முட்டாக வந்து முடிகிறதே, அதே எலும்புதான். கோழியில் கணுக்கால் வரை வராமல் பாதியிலேயே தேய்ந்துவிட்டது.

பிராய்லர் கோழியின் எலும்பு முனையைக் கடித்தால் மெத்தென்று குருத்தெலும்பாக இருக்கும். அது ஆறு வாரக் குஞ்சு, வளர்ச்சி இன்னும் முடியவில்லை. ஒரு வயதான நாட்டுக்கோழியின் எலும்பு முனை பல்லுக்கு அசையாது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.